இருமச் சொல்லிக் கேளுங்கள்

வயிற்றில் தையலோடு படுத்திருப்பவரிடம் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார். ஒருமுறை இருமச் சொல்லுங்கள். கை தானாகப் போய்த் தையலைப் பொத்திக்கொள்ளும். மரப்பு மருந்துகளை ஒப்பிடும் ஆய்வுகளை அந்தக் கையை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

களத்தில் இருப்பவை முக்கியமாக மூன்று. 1943இல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிக்னோகெயின் சில நிமிடங்களில் பிடிக்கும், ஓரிரு மணி நேரத்தில் விட்டுவிடும். அறுவைக்குப் பிந்தைய இரவுக்கு அது காணாது. 1957இல் பிறந்த பியூபிவகெயின் மெதுவாகப் பிடித்தாலும் பல மணி நேரம் நிற்கும். ஆனால், தவறி ரத்தக் குழாய்க்குள் போனால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். 1979இல் ஜார்ஜ் ஆல்பிரைட் எழுதிய தலையங்கத்துக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதில் விழித்துக்கொண்டது. 1990களில் வந்த ரோபிவகெயின் இதயத்துக்கு அவ்வளவு கெடுதல் செய்யாது. கால் தசைகளையும் அதிகம் தளர்த்தாது. வீரியம் சற்றுக் குறைவு, விலை கூடுதல்.

அப்படியானால் ரோபிவகெயின்தானே மேல்? ஊசி எங்கே இறங்குகிறது என்பதைப் பொறுத்தது. முதுகில் எபிடியூரல் குழாய் வைத்து நாள்கணக்கில் செலுத்தும்போது, நோயாளி எழுந்து நடப்பதற்குக் காலில் வலு வேண்டும். அங்கே ரோபிவகெயினுக்கு மதிப்பு உண்டு. வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கு இடையே போடும் 'டேப் பிளாக்'கின் இலக்கு கால் நரம்புகள் அல்ல. அங்கே இந்தப் பெருமை செல்லாக்காசு.

பாதுகாப்பில் மருந்தின் பெயரைவிடக் கணக்கு முக்கியம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு சிசேரியன் என்று வையுங்கள். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் பியூபிவகெயினின் வரம்பு 100 மில்லிகிராம். டேப் பிளாக்குக்கு 0.25 சதவீதக் கரைசலை இரு பக்கமும், பக்கத்துக்கு 20 மில்லி போட்டாலே வரம்பு முடிந்துவிடும். 0.5 சதவீத மருந்தை நீர்க்காமல் அதே அளவு போட்டால் இரு மடங்கு உள்ளே போகும்.

டேப் பிளாக்குக்கும் எல்லை உண்டு. தோலும் தசையும் மரக்கும். கருப்பை சுருங்கும் வலி அப்படியே இருக்கும். தண்டுவட ஊசியில் மார்ஃபின் சேர்த்திருந்தால், அதற்கு மேல் பிளாக்கால் பெரிய ஆதாயம் இல்லை.

ஒப்பிடும் முறையிலும் ஓட்டை இருக்கிறது. பல ஆய்வுகள் 'முதல் வலி மருந்தைக் கேட்க எத்தனை மணி நேரம் ஆனது' என்றே அளக்கின்றன. கேட்கக் கூச்சப்பட்டுப் பல்லைக் கடித்துக் கிடப்பவரும் அந்தக் கணக்கில் வலியில்லாதவர்தான். 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, விலை உயர்ந்த லிபோசோம் பியூபிவகெயின் (நுண்ணிய கொழுப்புக் குமிழ்களில் அடைத்தது) ஒரு பாடம். 2021இல் வெளியான தொகுப்பாய்வுகள், நோயாளி உணரும் அளவுக்கு அதில் கூடுதல் பலனைக் காணவில்லை.

ஒரே ஊசியோடு முடியும் பிளாக்குக்கு, அளவறிந்து போடும் பியூபிவகெயின் போதும். அதிக அளவோ தொடர்ந்து செலுத்துவதோ தேவையென்றால் ரோபிவகெயினுக்குச் செலவழிக்கலாம். எதுவானாலும், நச்சேறினால் முறிக்க 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் அறுவை அரங்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வார்டில், இருமச் சொல்லிவிட்டு வலியைக் கேட்கும் செவிலியர் ஒருவரும் இருக்க வேண்டும்.