பெயரில் ஒளிந்த உரிமை

ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் ரிட்டெய்ன், ரிலீஸ் என்று மெமரியைக் கையாலேயே கணக்கிட்டு வந்த பழைய முறைதான் புரோகிராமருக்கு ஒழுக்கத்தைப் போதித்தது என்றும், அக்கணக்கைக் கம்பைலரிடமே ஒப்படைத்து 2011-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏஆர்சி (ஆட்டோமேட்டிக் ரெஃபரன்ஸ் கவுண்டிங்) அவ்வொழுக்கத்தைக் கெடுத்துவிட்டது என்றும் மூத்த நண்பர்கள் சிலர் மேடைதோறும் சொல்லி வருகிறார்கள். அம்முறையில் சிறப்பே இல்லை என்பது என் அபிப்பிராயமன்று. 2007-இல் மாக் கணினிக்கு வந்த கார்பேஜ் கலெக்டர் நிலைக்காமற்போக, ரிட்டெய்ன் எண்ணிக்கை இன்றும் ஏஆர்சிக்கு அஸ்திவாரமாக நிற்பதே அதற்குச் சாட்சி.

ஆனால் அம்முறையில் ஒரு ஸ்ட்ரிங் யாருக்குச் சொந்தம், அதாவது அதை ரிலீஸ் செய்யும் கடமை யாருடையது என்பதை அந்த ஸ்ட்ரிங்கைப் பார்த்து அறிய வழியில்லை. அதை வாங்கித் தந்த மெதடின் பெயரைப் பார்த்தே அறிய வேண்டும். அலாக், நியூ, காப்பி, மியூட்டபிள்காப்பி என்று தொடங்கும் பெயரால் வந்தது சொந்தம், ஏனையது இரவல் என்பது சம்பிரதாயம். அலாக் செய்து இனிட்வித்ஃபார்மட் மூலம் ஆக்கிய ஸ்ட்ரிங்கும், ஸ்ட்ரிங்வித்ஃபார்மட் தந்த ஸ்ட்ரிங்கும் எழுத்துக்கு எழுத்து ஒன்றேயாயினும், முன்னதை ரிலீஸ் செய்ய மறந்தால் மெமரி லீக் ஆகும். பின்னதை ரிலீஸ் செய்தாலோ புரோகிராம் கிராஷ் ஆகும், அதுவும் பெரும்பாலும் பிழை செய்த வரியில் அன்று, பின்னர் இரவல்களை ரிலீஸ் செய்யச் சேர்த்து வைக்கும் ஆட்டோரிலீஸ் பூல் காலியாகும் தருணத்தில், குற்றத்தோடு யாதொரு சம்பந்தமும் இல்லாத இடத்தில்.

இதைவிடக் கொடிது, மாணாக்கன் முதன்முதலில் பழகும் ஸ்ட்ரிங்கே அவனுக்குப் பொய் சொல்வது. அட் குறியிட்டு மேற்கோளுக்குள் எழுதும் ஸ்ட்ரிங், புரோகிராமோடு சேர்த்தே கம்பைல் ஆகிவிடுவது. அதைப் பத்துத் தரம் ரிலீஸ் செய்தாலும் அது அசையாது. வாழ்த்துச் செய்தி ஒன்றை அப்படி எழுதி, தவறாக ரிலீஸும் செய்து, எல்லாம் சரியாக ஓடுகிறதென்று மகிழ்ந்திருந்தேன். மறுவாரம் அதே இடத்தில் பயனரின் பெயரைச் சேர்க்க ஸ்ட்ரிங்வித்ஃபார்மட் இட்டதும் கிராஷ். ஒரு வாரம் உறங்கிக் கிடந்த பிழைக்கு அன்று புதிதாய் எழுதிய வரியைக் குற்றவாளியாக்கி அரைநாள் தேடினேன். தவற்றைத் தண்டியாமல் விட்டு, பிறகு சரியான வரியின்மேல் பழியைப் போடும் ஏற்பாட்டை ஒழுக்கப் பள்ளி என்பது எந்த நியாயம்?

ஏஆர்சி வந்த பின்னும் அந்தப் பெயர்ச் சம்பிரதாயம் ஒழிந்தபாடில்லை; காப்பது மட்டும் கம்பைலரின் பொறுப்பாயிற்று. நண்பர்கள் ஐயுற்றால், ஒரு ஸ்ட்ரிங் பிராப்பர்ட்டிக்கு நியூடைட்டில் என்று பெயர் வைத்துப் பார்க்கட்டும். ஏஆர்சி அதைக் கம்பைல் செய்ய மறுக்கும்.