ஞாபகமில்லாத காடு

இயன் லிவிங்ஸ்டன் எழுதிய 'தி ஃபாரஸ்ட் ஆஃப் டூம்' 1983ல் பஃபின் வெளியீடாக வந்தது. சிறுவர்களுக்கென்று விற்கப்பட்ட புத்தகம். இரண்டு பகடையும் பென்சிலும் ரப்பரும் இருந்தால் தனியாகவே ஆடக்கூடிய ஆட்டமும் அதுதான். கதை 400 எண்ணிட்ட பத்திகளாகத் துண்டுபோடப்பட்டிருக்கிறது. கிழக்கே திரும்பினால் இந்த எண், மேற்கே திரும்பினால் அந்த எண். இவ்வகைப் புத்தகங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள், வாசகன் இங்கே ஆசிரியனாகிவிட்டான் என்று ஆரம்பிப்பது வழக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆடிப் பார்த்தால் நிற்கவில்லை.

கதை எளிது. கில்லிப்ரான் என்ற குள்ளர் அரசனின் போர்ச் சுத்தியல் தொலைந்து, தலை வேறு பிடி வேறாக டார்க்வுட் காட்டில் கிடக்கிறது. அதைத் தேடி வந்த பிக்லெக் சாகும் தறுவாயில் வேலையை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறான். காட்டின் தென் விளிம்பில் யாஸ்ட்ரோமோ என்ற கிழ மந்திரவாதியின் கோபுரம். வடக்கே, காட்டைத் தாண்டினால், ஸ்டோன்பிரிட்ஜ் என்ற குள்ளர்களின் ஊர். மந்திரவாதி கடை விரித்திருக்கிறான். விஷமுறி மருந்து, புனித நீர், பூண்டு, ஏறுவதற்குக் கயிறு, மூக்கில் செருகிக்கொள்ள வடிகட்டி. எது எங்கே உதவும் என்று காட்டுக்குள் போகாமல் தெரியாது. போனபின் வாங்க முடியாது. உள்ளே ஒரு காகம் பேசுகிறது, யோசனை சொல்ல ஒரு பொற்காசு கேட்கிறது. அந்தக் காட்டிலேயே நாணயமான ஜீவன் அதுதான் என்பது என் கட்சி.

மற்ற சந்திகளில் நாம் தேர்ந்தெடுப்பது எதை? இரண்டு ஒற்றையடிப் பாதைகள். இரண்டைப் பற்றியும் ஒன்றும் தெரியாது. தெரியாதவற்றில் ஒன்றைத் தொடுவதற்குப் பெயர் சுதந்திரம் என்றால் குலுக்கல் சீட்டு எடுப்பதும் சுதந்திரம்தான். போதாததற்குத் திறமை என்கிற எண் முதலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. ஒரு பகடையை உருட்டி, விழுந்ததோடு 6 கூட்டவேண்டும். 7 வந்தவனும் 12 வந்தவனும் நடப்பது ஒரே காட்டில் அல்ல. சண்டை என்றால் இரு தரப்புக்கும் இரண்டிரண்டு பகடை உருட்டித் திறமையைக் கூட்ட, குறைந்தவனுக்கு உடல்பலத்தில் 2 கழிகிறது. அதிர்ஷ்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அதை ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும், பலித்தாலும் பலிக்காவிட்டாலும், ஒன்று குறையும். இந்த விதி அழகானது. உபயோகிக்க உபயோகிக்கத் தேய்கிற அதிர்ஷ்டம் என்பது, புத்தகத்தில் வரும் அத்தனை பிராணிகளையும்விடக் கொடூரமான கற்பனை. பேரேடு எழுதிப் பிழைக்கிற வங்கிக் குமாஸ்தா என்பதால் எனக்கு அப்படிப் படுகிறதோ என்னவோ.

ஆனால் இந்தப் புத்தகத்தைப் பொருட்படுத்த வேண்டிய இடம் வேறு. சுத்தியலின் இரு துண்டுகளும் கிடைக்காமலே உயிரோடு காட்டைக் கடந்துவிட முடியும். அப்படிக் கடந்தவன் காட்டைச் சுற்றி நடந்து மறுபடி யாஸ்ட்ரோமோவின் கோபுரத்திலிருந்து தொடங்கலாம். அதாவது முதல் பத்திக்கே போகலாம். இதைச் சிறுவர்களுக்குக் காட்டிய சலுகை என்று தள்ளிவிடுவது சுலபம். முதல் பத்தி மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மந்திரவாதி நம்மை இதற்குமுன் பார்த்ததேயில்லை. போன முறை கொன்ற பிராணி அதே இடத்தில் உயிரோடு காத்திருக்கிறது. போன முறை பட்ட காயமோ காகிதத்தில் அப்படியே இருக்கிறது. செலவான காசும் செலவானதுதான். நமக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது, காட்டுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் காட்டின் மாயம் என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்வேன். லிவிங்ஸ்டன் உத்தேசித்தாரா என்று கேட்பது வீண். பத்திகளுக்கு எண் போட்ட கணத்திலேயே அது நேர்ந்துவிட்டது.

ஆங்கிலத்தின் 'யூ' மரியாதை பார்க்காத சொல். மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு படிக்கையில் எனக்கு அது 'நீ' என்றே விழுகிறது. உறவுக்காரரைப்போல் அத்தனை உரிமையோடு பக்கத்துக்குப் பக்கம் 'நீ' என்று கூப்பிடுகிற குரலுக்கு நம்மை அடையாளம் தெரியவில்லை.

மேசையைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தில் இப்படியில்லை. 1974ல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', வெளிநிலப் பயணத்துக்கு அவலான் ஹில் கம்பெனியின் 'அவுட்டோர் சர்வைவல்' ஆட்டப் பலகையை வைத்துக்கொள்ளச் சொன்னது. இரவல் காடுதான். ஆனால் அதை நடத்த எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் எரித்த பாலம் இந்த வாரமும் எரிந்தே கிடக்கும்; ஏமாற்றி அனுப்பிய கிழவி நம்மை மறந்திருக்கமாட்டாள். 1975ல் நண்பர்களோடு கேம்ஸ் வொர்க்ஷாப் தொடங்கி, இந்த ஆட்டத்தை இங்கிலாந்தில் விற்றவர்தான் லிவிங்ஸ்டன். அந்த எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளை எடுத்துவிட்டு அவர் இடத்தில் எண்களை வைத்தார். தனியாக இருக்கிற பையனும் ஆட முடிந்தது, உண்மைதான். கொடுத்த விலையைச் சொல்லாமல் இதை வாசகனின் வெற்றி என்று எழுதுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

1986ல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா'விலும் வழி தவறவைக்கும் காடு ஒன்று வருகிறது. ஒரே திரை, எப்படிப் போனாலும் அதே மரங்கள் திரும்ப வருகின்றன. வடக்கு, மேற்கு, தெற்கு, மேற்கு என்று போனால் திறக்கிறது. அந்த யந்திரக் காடாவது நம் காலடிகளை வரிசையாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அச்சடித்த காட்டுக்கு அதுவும் இல்லை.

வாசகன் ஆசிரியனாவது எங்கேயாவது நடக்கிறதென்றால், விதிகளில் இடமில்லாத ஒரு காரியத்தில்தான். ஆடத் தெரிந்த எந்தப் பையனும் புது எண்ணுக்குப் போகும்போது பழைய பக்கத்தில் ஒரு விரலை வைத்துக்கொள்கிறான். மரணம் என்று வந்தால் அதைப் படித்துவிட்டு, விரல் இருக்கிற இடத்துக்குத் திரும்பி மற்றப் பாதையில் போகிறான். புத்தகத்துக்கு இது தெரியாது, தெரியவும் முடியாது. காட்டின் நடுப்பகுதிக்கு வருவதற்குள் நாலு விரலும் நாலு பக்கத்தில் மாட்டிக்கொண்டிருக்கும், பகடை உருட்ட மற்றக் கைதான் மீதி.