புறவாசல் ஷெட்டுக்கு ஒரு சார்ஜிங் பாயின்ட்

தென்காசி கோயிலைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நீளமாகக் கிடக்கின்றன. மின் மீட்டர் இருப்பது முன்பக்கத் தார்சாவில். கார் நிற்பதோ புறவாசல், கிணற்றடி எல்லாம் தாண்டி, பின்தெருவைப் பார்த்த தகர ஷெட்டில். இடையில் சுமார் 40 மீட்டர். போர்டிகோ சுவரில் சார்ஜர் மாட்டும் வழிமுறை இங்கே உதவாது. இந்த அமைப்பில் டாடா டியாகோ ஈவி (24 கிலோவாட் அவர் பேட்டரி) காரை சார்ஜ் செய்து பார்த்த அனுபவம் இது.

முதலில் முடிவெடுக்க வேண்டியது வேகம். காரோடு வரும் 15 ஆம்பியர் பிளக் சார்ஜர் போதுமா, 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் வேண்டுமா? பிளக்கில் 10 சதவீதத்திலிருந்து முழுசாக ஏற 8.7 மணி நேரம், சுவர் சார்ஜரில் 3.6 மணி நேரம் என்கிறது நிறுவனம். திருநெல்வேலி போய்த் திரும்பினால் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். அந்த ஓட்டத்துக்கான சார்ஜ், பிளக்கிலேயே ராத்திரி தூங்கி எழுவதற்குள் ஏறிவிடுகிறது. தினமும் மதுரை வரை ஓடுபவர் தவிர மற்றவர்களுக்கு 7.2 தேவையில்லை என்பதே என் தீர்ப்பு.

இந்தத் தூரத்தில் ஒயர்தான் உண்மையான செலவு. "ஒயர்ல துட்டு பாக்காதிய அண்ணாச்சி" என்றார் எலக்ட்ரீஷியன். அவர் சொன்னது கணக்குப்படியும் சரி. 4 சதுர மி.மீ. செம்பு ஒயரில் போக வர 80 மீட்டர் என்றால் மின்தடை சுமார் 0.37 ஓம். பிளக் சார்ஜர் இழுக்கும் 11, 12 ஆம்பியரில் நாலு வோல்ட்தான் குறைகிறது. ஒயரில் வீணாவது ஐம்பது வாட் அளவு. அதே ஒயரில் 7.2 கிலோவாட் சார்ஜரின் 32 ஆம்பியரை ஓட்டினால் 350 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். அதற்கு 10 சதுர மி.மீ. போட வேண்டும். மின்வாரியத்தில் மின்சுமையைக் கூட்ட விண்ணப்பிக்கும் வேலையும் சேரும்.

கேபிள் ஆர்மர்டு வகையாக இருக்கட்டும். அணிலும் எலியும் கடிக்காது. இரண்டரை அடி ஆழத்தில் புதைத்து, மேலே செங்கல் வரிசை வைத்து மூடினால் பின்னாளில் தென்னைக்கு உரக்குழி வெட்டுபவருக்கும் ஆபத்தில்லை. மீட்டர் பக்கம் 20 ஆம்பியர் எம்சிபியும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் வேண்டும். ஆர்சிசிபியில் ‘ஏ’ வகை என்று கேட்டு வாங்குங்கள். வீடுகளில் வழக்கமாகப் போடும் ‘ஏசி’ வகை, கார் சார்ஜரிலிருந்து வரக்கூடிய துடிப்பு டிசி கசிவைச் சரியாக உணராது.

எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். மலையடிவாரப் பாறை மண்ணில் இது அடிக்கடி நேர்வது. ஷெட் அருகிலேயே தனிக் குழி எடுத்து, வீட்டு எர்த்தோடும் இணைத்து, மீட்டர் வைத்து அளந்து பார்த்த பிறகே காரைச் செருகினோம். பங்குனி, சித்திரையில் மண் காய்ந்தால் தடை ஏறும். அப்போது குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சாரல் மாதங்களில்தான் சாக்கெட்டின் இடம் முக்கியமாகிறது. குற்றாலச் சாரல் நேராக விழுவதில்லை. செங்கோட்டைக் கணவாய்க் காற்றோடு படுக்கையாக வந்து கூரைக்குள்ளேயே நனைக்கும். எனவே சாக்கெட்டை மேற்கு பார்த்த சுவரில் வைக்கவே கூடாது. மூடியுள்ள ஐபி55 பெட்டிக்குள், இடுப்பு உயரத்துக்கு மேல் வைத்தோம். சார்ஜரின் கனத்த பெட்டி பிளக்கிலிருந்து தொங்கினால் பின் தளர்ந்து, தொடுமிடம் சூடேறி, பிளாஸ்டிக் பழுப்பாகிவிடும். அதற்குச் சுவரில் ஒரு கொக்கி அடித்து மாட்டினால் போதும். முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் சுவிட்சை அணைத்து, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒருநாளும் வேண்டாம்.

கட்டணத்தில் ஒரு விஷயம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் இரண்டு மாத பில்லில் 250 முதல் 300 யூனிட் கூடும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிக்கான விகிதமும் உயர்ந்துவிடும். ஷெட்டில் ஒரு சப்மீட்டர் வைத்தால் கார் எவ்வளவு குடிக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

கார் நிறுத்துமிடம் தெருவுக்கு எதிர்ப்புறம் என்றால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பொதுத்தெருவின் மேலேயோ கீழேயோ சொந்தமாகக் கேபிள் இழுக்க முடியாது. அங்கே தனி மின் இணைப்பு கிடைக்குமா என்று வாரிய அலுவலகத்தில் கேட்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகு காருக்கு முன்பணம் கொடுங்கள்.