தனியே எழாத பறவை

இயான் பொனோட், பீட்டர் எட்டெட்கி இருவரும் இயக்கி, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட ‘ரைசிங் ஃபீனிக்ஸ்’ என்னும் ஆவணப்படம், பாராலிம்பிக் விளையாட்டுகளின் வரலாற்றையும் அவற்றில் களம் கண்ட வீரர் வீராங்கனையர் சிலரின் வாழ்வையும் ஒன்றாகப் பின்னித் தருகிறது. ‘மீண்டெழும் பீனிக்ஸ்’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். படம் பலராலும் பாராட்டப் பெற்றது, பாராட்டுக்கு உரியதே. எனினும் அதன் தலைப்போடு நமக்கு ஒரு வழக்கு உண்டு.

பீனிக்ஸ் திருச்சபைக்குப் புதிய பறவையன்று. முதல் நூற்றாண்டின் இறுதியில் உரோமை நகரக் கிளமெந்து கொரிந்துத் திருச்சபைக்கு எழுதிய மடலில், உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாக இப்பறவையைக் காட்டுகிறார். பழங்கதையின்படி உலகில் ஒரு காலத்தில் ஒரேயொரு பீனிக்ஸ்தான் இருக்கும். அதற்குத் துணையில்லை, கூட்டமில்லை. தன் அழிவிலிருந்து தானே எழும். உயிர்ப்பின் அடையாளமாக அது பொருந்தியது. ஒரு சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனையின் வாழ்வுக்கு அது பொருந்துமா என்பதே நம் கேள்வி.

படத்தில் முதன்மையாக வருவோருள் ஒருவர் அமெரிக்க வீராங்கனை தத்தியானா மெக்ஃபேடன். 1989-இல் அன்றைய லெனின்கிராடில், தண்டுவடம் முழுதும் மூடாத பிறவிக் குறையோடு பிறந்தார். அவர் வளர்ந்த அநாதை இல்லத்தில் சக்கர நாற்காலி கிடையாது. மற்றக் குழந்தைகளுக்கு ஈடுகொடுக்கக் கைகளை ஊன்றியே நடந்தார். அலுவல் நிமித்தம் உருசியா சென்ற டெபோரா மெக்ஃபேடன் என்ற அமெரிக்க அரசு அதிகாரி அவரைக் கண்டார். தம் மகளாக ஏற்றார். சிறுமிக்கு அப்போது ஆறு வயது. மேரிலாந்து மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியின் ஓட்டக் குழுவில் அவர் சேர்ந்தபோது, மற்ற மாணவரோடு ஒரே நேரத்தில் ஓட அவரை விடவில்லை. வெறுமையான தடத்தில் தனியே ஓடச் செய்தனர். தாயும் மகளும் நீதிமன்றம் சென்றனர். இழப்பீடாக ஒரு காசும் கேட்கவில்லை. உடன் ஓடும் உரிமையை மட்டுமே கேட்டனர். 2006-இல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. 2008-இல் அம்மாநிலம் மாற்றுத்திறனாளி மாணவர்க்கு அவ்வுரிமையைச் சட்டமாகவே ஆக்கியது.

தனியே ஓட மாட்டேன் என்று வழக்காடி வென்ற பெண்ணுக்குத் தனிப்பறவையின் பெயரையா சூட்டுவது? பின்னர் அவர் பெற்ற வெற்றிகள் உலகறிந்தவை. 2013 என்ற ஒரே ஆண்டில் பாஸ்டன், லண்டன், சிகாகோ, நியூயார்க் ஆகிய நான்கு நகர மாரத்தான்களிலும் முதலிடம் பெற்றார். அதற்குமுன் எவரும், கால்களால் ஓடுவோர் உட்பட, அதைச் செய்ததில்லை. ஆயினும் அவ்வாழ்வில் நம் மனம் நின்ற இடம் வேறு. 2014-இல் உருசியாவின் சோச்சியில் நடந்த குளிர்காலப் பாராலிம்பிக்கில் அமர்ந்து பனியில் சறுக்கும் போட்டியில் அவர் வெள்ளி வென்றபோது, பெற்ற தாயும் வளர்த்த தாயும் பார்வையாளரிடையே இருந்தனர். இதில் எங்கே இருக்கிறது தனிமை?

படத்தின் காட்சி நடையும் தலைப்பின் வழியிலேயே செல்கிறது. வீரர்களைக் கிரேக்கச் சிலைகளைப்போல் நிறுத்துகிறார்கள், மெதுவாக நகரும் படச்சுருளில் தசைகள் ஒளிர்கின்றன, இசை முழங்குகிறது. அழகுதான். ஆனால் சிலைக்கு வியர்வை இல்லை, பசி இல்லை, மறுநாள் காலை இல்லை. மூன்று சக்கரமும் நீண்ட மூக்கும் கொண்ட பந்தய நாற்காலியைத் தோட்டியில் அமர்ந்தவர்போல் கால்களை மடக்கி, மார்பு தொடையில் படக் குனிந்துதான் செலுத்தவேண்டும். சக்கரத்தின் வெளிப்புறத்தில் உள்ள சிறு வளையத்தைக் கையால் பற்றித் தள்ளுவதில்லை. கெட்டியான கையுறை அணிந்து குத்தித் தள்ளுகிறார்கள். இவ்வாறு குத்தியே சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹுக் 2021-இல் சப்பானின் ஓய்ட்டாவில் மாரத்தான் தொலைவை 1 மணி 17 நிமிடம் 47 நொடியில் கடந்தார். அந்த வேகம் எத்தனை ஆயிரம் காலைப்பொழுதுகளின் விளைச்சல்! அக்காலைப்பொழுதுகளில் வீட்டில் யார் சமைத்தார்கள், குழந்தையை யார் எழுப்பினார்கள், பழுதான சக்கரத்தை யார் மாற்றினார்கள் என்று படம் கேட்பதே அரிது. குடும்பம் அதில் பெரும்பாலும் கடந்த காலமாகவே வருகிறது.

இவ்விடத்தில் வேல்சு நாட்டின் டானி கிரே-தாம்சனை நினையாதிருக்க இயலவில்லை. 1969-இல் கார்டிஃபில் பிறந்த இவருக்கும் அதே பிறவிக் குறைதான். 1988 முதல் 2004 வரை ஐந்து பாராலிம்பிக்குகளில் 11 தங்கம் உட்பட 16 பதக்கங்கள். லண்டன் மாரத்தானில் ஆறு வெற்றிகள். கணவர் இயான் தாம்சன் வேதியியல் ஆய்வாளர். அவரும் சக்கர நாற்காலிப் பந்தயக்காரர். ஒரே வீட்டில் இரண்டு பந்தய நாற்காலிகள், இரண்டு பயிற்சி அட்டவணைகள்! 2002 பிப்ரவரியில் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஏப்ரலில் அத்தாய் லண்டன் மாரத்தானை ஆறாம் முறை வென்றார்.

இச்செய்தியை வியப்போடு சொல்லிவிட்டு நகர்வது எளிது. அதற்கு முந்திய செய்திதான் நம்மை நிறுத்துகிறது. கருவுற்றிருந்தபோது முதல் பரிசோதனையிலேயே தமக்குக் கருக்கலைப்பு முன்மொழியப்பட்டதாக அவரே பிற்காலத்தில் பொதுவில் கூறியிருக்கிறார். சிட்னியில் 2000-ஆம் ஆண்டு நான்கு தங்கம் வென்று நாடு முழுதும் கொண்டாடிய பெண் அவர். தடத்தில் அவரை வீராங்கனை என்று ஏற்ற சமூகம், வீட்டில் அவரைத் தாய் என்று ஏற்கத் தயங்கியது. சிலையாக உயர்த்துவோருக்கும் சுமையாகத் தாழ்த்துவோருக்கும் இடையே தொலைவு அதிகமில்லை என நாம் அஞ்சுகிறோம். இருவருமே அவரை அண்டை வீட்டுக்காரியாகக் காணவில்லை.

பயணமும் அப்படித்தான். பந்தய வீராங்கனை இரண்டு நாற்காலிகளோடு புறப்படவேண்டும்: ஒன்று அன்றாட வாழ்வுக்கு, மற்றொன்று பந்தயத்துக்கு. பந்தய நாற்காலி விமானத்தின் சரக்கறையில் போகும். வளைந்து வந்தால் பல மாதப் பயிற்சி அங்கேயே முடிந்தது. 2000-ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரருக்கான பிபிசி விழாவில் கிரே-தாம்சன் மூன்றாமிடம் பெற்றார். மேடைக்குச் சாய்தளம் இல்லை. பல ஆண்டுகளுக்குப் பின், பிரபுக்கள் அவையின் உறுப்பினராகிவிட்ட நிலையிலும், 2024 ஆகஸ்டில் பாரிஸ் பாராலிம்பிக் தொடங்கவிருந்த வாரத்தில், லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் உதவிக்கு ஆள் வராததால் தொடர்வண்டியிலிருந்து தவழ்ந்து இறங்க நேர்ந்தது. இதைப் படமாக எடுத்தால் பின்னணி இசை எதைப் போடுவார்கள்?

படத்தின் சிறந்த பகுதி எது என்று கேட்டால், லுட்விக் குட்மன் பற்றிய பகுதியைச் சொல்வோம். நாஜிகளுக்குத் தப்பி 1939-இல் இங்கிலாந்து சேர்ந்த அந்த யூத மருத்துவர், ஸ்டோக் மேண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, 1948 சூலை 29 அன்று 16 பேரை வில்லெய்ய வைத்தார். அவருடைய மகளே திரையில் தோன்றி இதைச் சொல்கிறார். அப்பகுதியில் மட்டும் படம் தன் தலைப்பை மறந்துவிடுகிறது. ஒருவரை இன்னொருவர் எழுப்புவதைக் காட்டுகிறது. மாறாக, ரியோ 2016-க்கு முன் நேர்ந்த நிதி நெருக்கடியை விரித்துரைக்கும் பகுதியில் அலுவலர்களின் பரபரப்புக்கு இத்தனை இடம் தேவைதானா என்று தோன்றியது.

நாமும் இக்குற்றத்துக்குப் புறம்பானவர்கள் அல்லர். நம் மறையுரைகளிலும் விழா மலர்களிலும் மாற்றுத்திறனாளி பெரும்பாலும் ஓர் எடுத்துக்காட்டாகவே வந்துபோகிறார். ஆனால் மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவர் தனியே வருவதில்லை. நால்வர் சுமந்து வருகின்றனர். வழியில்லாதபோது கூரையைப் பிரிக்கின்றனர். இயேசு கண்டதாக நற்செய்தியாளர் எழுதுவது அவர்கள் எல்லாருடைய நம்பிக்கையையும்.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும் இப்படத்தை நம் பங்கு இளையோர் அவசியம் காணவேண்டும். பார்த்தபின் தத்தியானாவின் பதக்கங்களைவிட அவருடைய வழக்கைப் பற்றி அவர்களைப் பேசச் செய்தால் நன்று. பங்கு மன்றத்தில் திரையிட எண்ணுவோர், அம்மன்றத்துக்கு ஏறும் படிகள் எத்தனை என்பதையும் முன்னதாகவே எண்ணிக்கொள்வது நல்லது. காண வருவோரில் ஒருவர் சக்கர நாற்காலியில் வரக்கூடும்.