படை அனுப்புதலும் பொறுத்திருத்தலும்

அயல்நாட்டுப் பூசலில் ஒரு வல்லரசு படையோடு தலையிடுவதா, பொறுத்திருப்பதா என்னும் வினா அமெரிக்கர்க்கு மட்டுமே உரியதெனப் பலர் எண்ணுகின்றனர். வியட்நாமையும் இராக்கையும் அடுக்கிக் காட்டி வாஷிங்டனைப் பழித்துவிட்டு அமைந்துவிடுகிறோம். ஆனால் அதே வினா பாக் நீரிணையின் இக்கரையிலும் எழுந்தது. 1987இல் நம் நாடு அதற்குப் படை அனுப்பி விடையளித்தது.

அவ்விடையை எடைபோட இரு நூல்கள் உள்ளன. ஒன்று, அன்று கொழும்பில் இந்தியத் தூதராயிருந்த ஜே. என். தீட்சித் எழுதிய 'அசைன்மெண்ட் கொழும்பு'. மற்றொன்று, அமைதிப்படையின் தொடக்கக் காலத் தளபதி மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் 2007இல் வெளியிட்ட 'இன்டர்வென்ஷன் இன் ஸ்ரீலங்கா'. நெய்வேலியில் நம்மோடு பழகும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் அப்படையில் யாழ்ப்பாணம் சென்று திரும்பியவர். "எங்களை எதற்காக அனுப்பினார்கள் என்று இவற்றைப் படித்துச் சொல்லுங்கள், ஹஜ்ரத்" என அவர் கேட்டதே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

நிகழ்ந்தவை சுருக்கமாக: 1987 ஜூலை 29ஆம் நாள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் உடன்படிக்கை செய்தனர். போராளிகளிடமிருந்து ஆயுதங்களைப் பெற்று அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரிடலாயிற்று. 1990 மார்ச் 24ஆம் நாள் இறுதி அணி திரும்புவதற்குள் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்ட இந்திய வீரர் மாண்டனர். இலங்கைத் தமிழருள் மாண்டோரும் பலர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் சுட்டுக் கொல்லப்பட்டதை அம்மக்கள் இன்றளவும் மறந்திலர்.

தீட்சித் தலையீட்டின் வழக்கறிஞராக எழுதுகிறார். தமிழகத்தின் கொதிப்பு, திரிகோணமலையில் அந்நிய வல்லரசுகள் கால்கொள்ளக்கூடும் என்னும் அச்சம் ஆகியவை அவர் காட்டும் காரணங்கள். இவை பொய்யல்ல. எனினும் காரணம் வேறு, குறிக்கோள் வேறு. ஏன் சென்றோம் என்பதற்கு விடை தரும் நூல், எது நிறைவேறினால் திரும்புவோம் என்பதற்குத் தெளிவான விடை தரவில்லை.

ஹர்கிரத் சிங்கின் நூலோ குறைப்பட்ட நெஞ்சின் குரல். தெளிவான ஆணையின்மை, களத்தில் தூதரின் குறுக்கீடு ஆகியன அவருடைய முறையீடுகள். 1987 செப்டம்பரில் பேச்சுக்கு வரும் பிரபாகரனைச் சிறைபிடிக்கவோ சுட்டுவிடவோ தூதர் தம்மிடம் கூறியதாகவும், சமாதானக் கொடியின்கீழ் வருபவரைச் சுடுதல் படையறம் அன்றென மறுத்ததாகவும் எழுதுகிறார். ஹதீஸ் கலை பயின்றோர் இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் அறிவிப்பாளரின் நிலையை ஆராய்வர். நூல் வெளிவந்தபோது தீட்சித் உயிருடன் இல்லை; அவர் 2005இல் மறைந்தார். ஆதலின் இதனை ஒரு தரப்பின் சாட்சியமாகக் கொள்வதே நேர்மை. ஆயினும் வாளேந்தியவர் பொறுமை பேச, எழுதுகோலேந்தியவர் வாளை நாடினார் என்னும் இக்குற்றச்சாட்டு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. போரின் விலையை அறிந்தவரே அதற்குத் தயங்குவர் போலும்.

நம் நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரியின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவுபகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் குழி நீரில் மூழ்கும். முதல் மண்வெட்டு விழுமுன்பே இறைப்புக்கான கணக்குப் போட்டாக வேண்டும் என்பதை இவ்வூர்ச் சிறுவரும் அறிவர். இலங்கைக்குப் படை அனுப்பியோர் அக்கணக்கைப் போட்டதாக இவ்விரு நூல்களிலும் நாம் காணவில்லை. 1983 முதல் போராளிகளுக்குப் பயிற்சியளித்த நாடே, 1987இல் அவர்தம் ஆயுதங்களைப் பறிக்கச் சென்றது. செயலின் வலியும், தன் வலியும், மாற்றான் வலியும், துணைவர் வலியும் தூக்கிப் பார்க்கச் சொன்ன வள்ளுவர் வழியில் நோக்கின், இங்கு யார் மாற்றான், யார் துணைவர் என்பதே துணியப்படவில்லை.

1971இல் நிலை வேறு. வங்காளத்தில் மார்ச்சில் படுகொலை தொடங்கியும் டிசம்பர் வரை ஆயத்தம் செய்தனர். போர் பதின்மூன்று நாளில் முடிந்தது. 1972 மார்ச்சிலேயே இந்தியப் படை வங்காள தேசத்தைவிட்டு வெளியேறிற்று. பெய்ரூத்தில் 1983இல் 241 வீரரை இழந்தபின் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் வைன்பெர்கர், தெளிந்த குறிக்கோளும் மக்கள் ஆதரவும் இன்றிப் படை அனுப்பலாகாது என 1984இல் வரையறுத்தார். அவ்வறிவுரையை இராக்கில் அந்நாடே கைவிட்டது.

இனி, நம் வாசகர் இவ்விரு நூல்களிடமும் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு. உடன்படிக்கையின் முகவுரையில் இலங்கை முஸ்லிம்களின் பெயர் இருக்கிறது. ஆனால் வடக்கையும் கிழக்கையும் இணைத்தபோது, கிழக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரான அவர்தம் இசைவை எவர் கேட்டனர்? வாக்கெடுப்பு நடத்தப்படும் என்றனர், நடத்தப்படவில்லை. படை திரும்பிய ஐந்தாம் மாதம், 1990 ஆகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் கொன்றனர். அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். இப்பழி புலிகளையே சாரும். எனினும் எளியோரை எண்ணாமல் நுழைந்து, எண்ணாமலே திரும்பியது தலையிட்டவர் குறையாகும்.

அங்ஙனமாயின் பொறுத்திருத்தலே அறமோ? அதுவும் எளிய விடையன்று. 2009இல் இந்தியா படை அனுப்பவில்லை. முள்ளிவாய்க்காலில் அவ்வாண்டு மடிந்தோர் நாற்பதினாயிரம் வரை இருக்கலாம் என ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் கூறிற்று. வாளாவிருத்தலும் ஒரு செயலே, அதற்கும் கணக்குண்டு.

திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயத்து ஒன்பதாம் வசனம், பொருதிக்கொள்ளும் இரு கூட்டத்தாரிடையே முதலில் இணக்கம் செய்யப் பணிக்கிறது. வரம்பு மீறுவோர்மேல் போர் என்பது அதன் பின்னரே வருகிறது. அவர் மீண்டதும் மறுபடியும் இணக்கம். அவ்விடத்தே நீதி என்னும் சொல் சேர்க்கப்படுகிறது. போர் நடுவில் ஒருமுறை. இணக்கம் முன்னும் பின்னுமாக இருமுறை. இறைநம்பிக்கையாளரைக் குறித்த வசனமே எனினும், இவ்வரிசை எந்நாட்டு அரசுக்கும் நல்ல அளவுகோலாகும். 1987இல் இணக்கம் அவசரத்தில் நடந்தது, போர் நீண்டது, நீதியோடு கூடிய பின்னிணக்கம் நடைபெறவே இல்லை.

படைவீர நண்பர்க்கு நாம் சொல்லத்தக்கது இதுவே: உங்களை அனுப்பியதற்குக் காரணம் இருந்தது, குறிக்கோள் இல்லை. அது உங்கள் குற்றமன்று. ஆனால் அடுத்த முறை "படையை அனுப்புக" என்றோ "நமக்கென்ன" என்றோ தெருவில் முழங்குமுன், யாரைக் காக்க, எதுவரை, திரும்பியபின் யார் பொறுப்பு என்னும் மூன்றையும் கேட்பது நம் அனைவர் கடனுமாகும்.