விடியும்வரை உடனிருப்பவர்கள்

மனத்தையும் புலன்களையும் மாற்றும் சைக்கெடெலிக் பொருட்களைப் பற்றிய மருத்துவ ஆராய்ச்சி 1970களில் சட்டங்களால் ஏறக்குறைய நின்றுபோனது. 2006இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழுவினர் சைலோசைபின் என்ற காளான் பொருளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. அதன் பிறகு புற்றுநோயாளிகளின் மரணபயம், தீராத மனச்சோர்வு, குடிப்பழக்கம், போர் தந்த மனக்காயம் என ஆய்வுகள் வரிசையாக வந்தன. பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்டன: பொருள் வேலை செய்கிறதா? உண்டவரின் பக்கத்தில் அன்று யார் இருந்தார்கள், அடுத்த மாதம் யார் இருக்கப்போகிறார்கள் என்ற கேள்வி ஓரத்திலேயே நின்றுவிட்டது. இப்பொருட்களைத் தலைமுறைகளாகக் கையாண்டுவரும் மக்களுக்கோ முதல் கேள்வியே அதுதான்.

மலையூரின் இரவு

மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்து மலைகளில் ஊவாட்லா என்னும் ஊர் இருக்கிறது. அங்கே வாழும் மசாடெக் மக்களுக்குக் காளான் நோய் தீர்க்க வந்த புனிதப் பொருள். சடங்கு இரவில்தான் நடக்கும். நோயாளியோடு வீட்டாரும் வந்து உட்காருவார்கள். நடத்தும் பெரியவர் கோப்பால் பிசின் புகையில் காளான்களைக் காட்டி, இணை இணையாக எடுத்துக் கொடுப்பார், தானும் உண்பார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு இருளில் பாடத் தொடங்குவார். நோய் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகும் பாட்டு அது.

மரியா சபீனா அப்படிப் பாடியவர். 1955இல் நியூயார்க் வங்கியாளர் கார்டன் வாசன் அவருடைய சடங்கில் கலந்துகொண்டார். 1957 மே மாதம் 'லைஃப்' இதழில் அதைப் பற்றி எழுதினார். மரியாவின் பெயரை மாற்றித்தான் எழுதினார் என்றாலும் ஊர் வெகுநாள் மறைந்திருக்கவில்லை. 1958இல் சுவிஸ் வேதியியலர் ஆல்பர்ட் ஹாஃப்மன் அக்காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தார். 1962இல் அதை மாத்திரையாகக் கொண்டுபோய் மரியாவிடமே கொடுத்தார். காளானில் இருக்கும் அதே சக்தி மாத்திரையிலும் இருப்பதாக மரியா ஒப்புக்கொண்டார்.

அறிவியல் அந்த ஒப்புதலை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊருக்கு மிஞ்சியது வேறு. நோய் ஏதும் இல்லாமல், அனுபவம் தேடி வெளியூர் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பின்னாலேயே காவல்துறை வந்தது. மரியாவின் வீடு கொளுத்தப்பட்டது. அந்நியர்கள் வந்தபின் காளான் தன் வலுவை இழந்துவிட்டது என்று அவர் முதுமையில் வருந்தினார். 1985இல் வறுமையிலேயே இறந்தார். இன்று மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் ஒவ்வொரு சைலோசைபின் மாத்திரைக்கும் வேர் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

கூடாரத்துக்குள்

சமூகமும் பொருளும் பிரியாமல் இருப்பதைப் பார்க்க வட அமெரிக்கப் பழங்குடிகளின் பெயோட்டே வழிபாட்டைப் பார்க்க வேண்டும். மெஸ்கலின் என்ற சைக்கெடெலிக் பொருள் அடங்கிய சிறு கள்ளி பெயோட்டே. அதைத் திருவுணவாகக் கொண்ட 'நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்' 1918இல் ஓக்லஹோமாவில் பதிவுபெற்றது.

ஒரு வீட்டார் ஒரு காரணத்துக்காகக் கூட்டம் வைப்பார்கள்: உடம்பு சரியில்லாத தாய்க்காக, போருக்குப் போகும் மகனுக்காக, குடியை விட நினைக்கும் தம்பிக்காக. பொழுது சாய்ந்ததும் கூடாரத்துக்குள் வட்டமாக அமர்கிறார்கள். நடுவில் பிறை வடிவ மண்மேடை, அதன் உள்வளைவில் நெருப்பு. தீயைக் காக்க ஒருவர், முரசுக்கு ஒருவர், வழிநடத்த ஒருவர். முரசு என்பது பாதி தண்ணீர் நிரப்பித் தோல் இழுத்துக் கட்டிய இரும்புப் பாத்திரம். கோலும் சுரைக் கிலுக்கும் கைமாறி வட்டத்தைச் சுற்றி வரும். கைக்கு வந்தவர் நான்கு பாட்டுப் பாட வேண்டும். நள்ளிரவில் தண்ணீர். விடியலில் ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து அனைவருக்காகவும் வேண்டுகிறாள். பிறகு சோளம், பழம், இறைச்சி. அழுதவரும் நடுங்கியவரும் பிதற்றியவரும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த வாரமும் அவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.

இந்தச் சபை மதுவை ஒப்புவதில்லை. குடியிலிருந்து மீண்டவர்கள் அதில் ஏராளம். 2005இல் ஜான் ஹால்பெர்ன் குழுவினர் நவாஹோ மக்களிடையே நடத்திய ஆய்வில், பெயோட்டேயை முறையாக உண்டுவந்த 61 பேரின் அறிவுத்திறனில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை. மனநலக் கேள்விகள் சிலவற்றில் அவர்கள் மற்றவர்களைவிட மேலாகவே இருந்தார்கள். ஆனால் அந்த ஆய்வுக்கு வெகுமுன்பே, சபைக் கூட்டத்தில் பெயோட்டே உண்டதற்காக ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் என்ற இருவர் வேலை இழந்தார்கள். அவர்கள் செய்துவந்த வேலை போதை மீட்பு ஆலோசனை. 1990இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அவர்களைக் கைவிட்டது. பழங்குடிகளின் சடங்கு உரிமையைக் காக்கும் தேசியச் சட்டம் வருவதற்கு 1994 ஆனது.

சமூகமும் பொருளும் பிரியாத இதே உண்மை அமேசான் பக்கம் இன்னொரு வடிவில் கிடைக்கிறது. அயவாஸ்கா ஒரு கொடியையும் ஒரு செடியின் இலையையும் சேர்த்துக் காய்ச்சும் பானம். இலையில் உள்ள டி.எம்.டி. என்ற சைக்கெடெலிக் பொருளைக் குடலிலுள்ள நொதி சிதைத்துவிடும். கொடியின் சாறு அந்த நொதியைத் தடுக்கிறது. இரண்டையும் சேர்த்த அறிவு காட்டு மக்களுடையது. பிரேசிலில் ரப்பர் காடுகளில் உழைத்த ரைமுண்டோ இரினேயு செர்ரா 1930 வாக்கில் தொடங்கிய சாந்தோ டைமி சபையில், வெண்ணிற உடையில் ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக நின்று இரவெல்லாம் துதி பாடுகிறார்கள். தடுமாறுகிறவரைத் தாங்குவதற்கென்றே அங்கே காவலர்கள் உண்டு.

மருத்துவமனை அறை

இப்போது சைலோசைபின் ஆய்வு அறைக்குள் வருவோம். ஒரு சாய்வுக் கட்டில், கண்ணுக்குப் பட்டை, காதில் இசை, பக்கத்தில் இரண்டு வழிகாட்டிகள். கவனமாகவும் கனிவாகவும் அமைக்கப்பட்ட அறைதான். 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில் பங்கேற்ற 51 புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்து, அந்த நலம் ஆறு மாதம் நின்றது. 2022இல் 233 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 25 மில்லிகிராம் சைலோசைபின் பெற்றவர்களில் 37 விழுக்காட்டினர் மூன்றாம் வாரத்தில் தேறியிருந்தார்கள். அந்தத் தேற்றம் பன்னிரண்டாம் வாரம்வரை நீடித்தவர்கள் 20 விழுக்காட்டினர்தான்.

கதவு திறந்தபின் அந்த மனிதர் எங்கே போகிறார் என்பதைப் பொறுத்தே மீதி இருக்கிறது. இதைத் தொட்டுப் பார்த்த ஆய்வுகள் சில உண்டு. 2018இல் கிரிஃபித்ஸ் குழுவினர் 75 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினருக்குத் தியானமும் கூடிப் பேசும் துணையும் பல மடங்கு கூட்டிக் கொடுத்தார்கள். நன்றியுணர்விலும் உறவுகளிலும் மிகுந்த மாற்றம் கண்டவர்கள் அவர்களே. சான் பிரான்சிஸ்கோவில் நடந்து 2020இல் வெளிவந்த ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. எய்ட்ஸ் கொள்ளைநோயில் நண்பர்களை எல்லாம் புதைத்துவிட்டுத் தாம் மட்டும் பிழைத்து நின்ற 18 மூத்த ஆண்கள் அதில் பங்கேற்றார்கள். அவர்கள் குழுவாகப் பலமுறை கூடிப் பேசினார்கள். ஆளுக்கு ஒரு நாள் சைலோசைபின் உண்டு, மறுபடியும் குழுவுக்கே திரும்பினார்கள். வாழ்வில் பிடிப்பற்றுப்போன நிலை மூன்று மாதத்துக்குப் பிறகும் தணிந்தே இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு இது. முடிவாகக் கொள்ள முடியாது. ஆனால் தனிமையால் உடைந்தவர்களுக்கு மருந்தோடு மனிதர்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்ற புத்தி அதில் இருக்கிறது.

கூட்டத்தின் ஆபத்து

சமூகம் என்றாலே பாதுகாப்பு என்று நம்பிவிடக் கூடாது. இப்பொருட்கள் மனத்தைத் திறந்து வைக்கும் நேரத்தில் அருகில் இருப்பவருக்கு அளவற்ற அதிகாரம் கிடைக்கிறது. கனடாவில் எம்.டி.எம்.ஏ. என்ற பொருளைச் சோதித்த ஆய்வொன்றில் வழிகாட்டிகளே எல்லை மீறியது வெளிவந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அப்பொருளுக்கு ஒப்புதல் மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வு கேட்டது. மனச்சிதைவு நோய் உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களை ஆய்வுகள் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு அயவாஸ்கா சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. பழைய சடங்குகளில் நடத்துபவரை ஊருக்குத் தெரியும். தவறினால் கேட்க ஆள் உண்டு. இப்பொருட்களை அந்நியர்களுக்குக் கொடுக்கும் வாரக்கடைசி முகாம்களில் அப்படிக் கேட்க யாரும் இல்லை.

ஓரிகான் மாநிலம் 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023 முதல் உரிமம் பெற்ற மையங்களில் சைலோசைபினை அனுமதிக்கிறது. ஆனால் ஓர் அமர்வுக்கான கட்டணம் ஏழைக்கு எட்டாதது. பணம் கட்டியவருக்கும் சில மணிநேரத் துணைதான் கிடைக்கிறது, ஊர் கிடைப்பதில்லை. இதற்கிடையே, அமெரிக்க மண்ணில் பெரும்பாலும் டெக்சாசின் தென்பகுதியில் விளையும் பெயோட்டே வேகமாகக் குறைந்துவருகிறது. அது முதிர்வதற்கே பத்தாண்டு ஆகும். இப்பொருட்களுக்கான தடையை நீக்கும் பட்டியல்களில் எங்கள் கள்ளியைச் சேர்க்காதீர்கள் என்று நேட்டிவ் அமெரிக்கன் சர்ச் தலைவர்கள் கேட்டுக்கொண்டது அதனால்தான்.

இத்துறை அடுத்துச் செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. மருந்தின் அளவை மாற்றிப் பார்ப்பதுபோல் துணையின் அளவையும் மாற்றிப் பார்க்கும் பெரிய ஆய்வுகள் வேண்டும். அமர்வுக்குப் பின்வரும் மாதங்களுக்கான செலவைச் சிகிச்சையின் செலவாகவே கணக்கிட வேண்டும். வழிகாட்டியைக் கேள்வி கேட்கும் உரிமை நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் எழுத்தில் இருக்க வேண்டும். மசாடெக் மக்களும் பெயோட்டே சபையாரும் இந்த அறிவுக்கு முதல் உரியவர்கள். ஆதாயத்திலும் முடிவெடுப்பதிலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும். மூலக்கூறை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். நோயாளியைத் தனியே விடாத வழக்கத்தையும் அவர்களிடமிருந்தே கற்றுக்கொள்ள வேண்டும். அதைக் கற்காதவரை நம் சிகிச்சை பாதிச் சிகிச்சைதான்.