குளம்படியில் யார்?

தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல், போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலத்தில் பாடிய ‘சந்தியோகுமையோர் அம்மானை’யை எங்கட ஆட்கள் அதிகம் படிப்பதில்லை. ‘மையோர்’ எண்டால் மூர், அதாவது நாங்கள்தான் எண்டு நினைப்பவர்களும் உண்டு. அப்படியில்லை. போர்த்துக்கேய மொழியில் அதற்குப் ‘பெரியவர்’ என்று பொருள். ஈஸா நபி (அலை) அவர்களின் சீடரான பெரிய யாக்கோபுதான் இந்தச் சந்தியோகு. கிளாலிக் கோயில் அவருடையது.

ஆனாலும் அந்தச் சந்தேகத்தில் ஒரு நியாயம் கிடக்கு. ஸ்பானியாவில் இவருக்கு ‘மூர்களைக் கொன்றவர்’ என்றும் பெயர். 844இல் கிளாவிகோப் போரில் வெள்ளைக் குதிரையேறி வந்து முஸ்லிம் படையை வெட்டினார் என்பது கதை. அப்படியொரு போர் நடக்கவேயில்லை என்பது இன்றைய வரலாற்றாசிரியர்கள் முடிவு. கதை எழுத்தில் வந்ததே 12ஆம் நூற்றாண்டில்தான்.

அவர் பெயரால் எழுந்த கொம்பொஸ்தேலாப் பேராலயத்தின் உள்ளே, 13ஆம் நூற்றாண்டின் அரைவட்டப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. அதன் படத்தை நிதானமாகப் பார்க்க வேணும். குதிரைமேல் அவர், ஒரு கையில் வாள், மறு கையில் கொடி. முன்னும் பின்னும் கைகூப்பிய பெண்கள். மூர் அரசனுக்கு ஆண்டுதோறும் திறையாக நூறு கன்னியர் அனுப்பப்பட்டார்கள் என்ற கதையில் வருகிறவர்கள் இவர்கள் என்பர். குளம்படியில் ஒரு மூரும் இல்லை. சிற்பி மீட்பைச் செதுக்கினான், கொலையை விட்டுவிட்டான்.

அதே பேராலயத்தில் ஹொசே கம்பீனோ 18ஆம் நூற்றாண்டில் செய்த சிலையிலோ வெட்டுண்ட மூர்கள் விழுந்து கிடக்கிறார்கள். 2004இல் அதை அகற்றப்போவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். இப்போது கீழே கிடப்பவர்களைப் பூக்களால் மறைத்து வைக்கிறார்கள். மறைக்க வேண்டிய சிலையைவிட, மறைக்க எதுவுமில்லாத பழைய கல்லே கலையிலும் எனக்கு மேலானது. எதிரியின் பிணம் இல்லாமலே அங்கே வீரம் தெரிகிறது.

அந்தப் பகையின் பெயரைத்தான் போர்த்துக்கேயர் கப்பலில் ஏற்றி வந்து, இங்கே வியாபாரம் செய்துகொண்டிருந்த சோனகர் தலையில் சூட்டினார்கள். ஆங்கிலப் பதிவுகளில் இன்றும் நாங்கள் ‘மூர்’தான்.

அதற்காக அம்மானையை ஒதுக்குவது சரியல்ல. எங்கட படைப்போர் இலக்கியம் மட்டும் என்னவாம்? அலி (ரலி) அவர்களின் வாளுக்கு முன்னால் வருகிற மன்னனுக்கு ஒன்றில் கலிமாச் சொல்ல வேணும், இல்லாவிட்டால் வெட்டுப்பட வேணும். அவனுக்கென்று ஒரு மனம் அங்கே இல்லை. இலக்கியமாக இது பெரிய குறை. அம்மானையையும் படைப்போரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயர்தர வகுப்பில் படிப்பிக்கலாம். ஆனால் பள்ளிக்கூட நூலகங்களில் தேடிப் பாருங்கள், இரண்டுமே கிடையாது.